முவாத்திப்: ‘டூன்’ புனைவில் ஒரு பாலைச் சுண்டெலியின் குறியீட்டு வளர்ச்சி

அராக்கிஸ் என்னும் பாலைக்கோளில் பெரும் எந்திரங்களையே விழுங்கும் மணற்புழுக்கள் திரிகின்றன. அதை ஆள வந்த அட்ரெய்டிஸ் குலத்தின் சின்னம் பருந்து. ஆயினும் ஃபிராங்க் ஹெர்பெர்ட் எழுதிய ‘டூன்’ (1965) நாவலின் நாயகன் பால், தனக்குப் பெயர் தேர்கையில் புழுவையும் பருந்தையும் விட்டுவிட்டு, துள்ளி ஓடும் ஒரு சுண்டெலியிடம் போகிறான்.

இந்தச் சுண்டெலி முழுக்கக் கற்பனையன்று. நாவலின் சொற்குறிப்பு அதைப் பாலைக்குத் தகவமைந்த கங்காரு சுண்டெலி என்கிறது. அதன் உறவினமான கங்காரு எலி அமெரிக்கப் பாலைநிலங்களில் நீர் அருந்தாமலே வாழ்கிறது. உலர்ந்த விதைகளைத் தின்று, உணவு உடலில் எரியும்போது பிறக்கும் நீரைக்கொண்டு காலம் தள்ளுகிறது. சிறுநீரகம் அந்த நீரை வீணாக்குவதில்லை. பகலில் வளை, இரவில் இரைதேடல். நுட் ஷ்மிட்-நீல்சனும் போடில் ஷ்மிட்-நீல்சனும் 1940களின் பிற்பகுதியிலிருந்து நடத்திய ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. 1957இல் ஒரேகான் கடலோர மணல்மேடுகளைப் பற்றி எழுதத் தகவல் திரட்டப்போன ஹெர்பெர்ட், சூழலியலில் ஊறியே நாவலைத் தொடங்கினார்.

நாவலில் எலி முதலில் இரையாகத்தான் வருகிறது. தப்பியோடும் பாலும் தாய் ஜெசிகாவும் நிலவொளியில் எலிகள் துள்ளுவதைப் பார்த்து நிற்க, சாம்பல் நிறப் பறவை ஒன்று ஓசையின்றி இறங்கி ஒன்றைக் கவ்விச் செல்கிறது. பருந்துக் குலத்து வாரிசு தானும் வேட்டையாடப்படும் நேரம் அது. பின்னர் கோளின் பாலைவாழ் மக்களான ஃப்ரெமென் குழுவினர் அவன் சூட விரும்பும் பெயரைக் கேட்கும்போது, பால் அந்தத் துள்ளலைக் கையால் செய்துகாட்டி அந்த எலியின் பெயரைக் கேட்கிறான்; அதுவே ‘முவாத்திப்’. கூட்டத்தில் மெல்லிய சிரிப்பு. ஆனால் தலைவன் ஸ்டில்கர் அந்தத் தேர்வை மெச்சுகிறான்: தனக்கு வேண்டிய நீரைத் தானே ஆக்கிக்கொள்ளும், வெயிலுக்கு ஒளியும், பல்கிப் பெருகும், சிறுவர்க்கு ஆசானாகும் உயிர் அது. கோளின் இரண்டாம் நிலவிலும் அதன் உருவமே தெரிகிறது. உடல்நீரைச் சேமிக்கத் தனி உடை அணியும் மக்களுக்கு, உடையின்றியே பிழைக்கும் எலி முன்னோடி. எளிமையின் சின்னம் என்று மட்டும் இதைப் படிப்பது போதாது. அதைவிடப் பிழைக்கும் திறனுக்கே இங்கு மதிப்பு.

அடுத்த நாவலான ‘டூன் மெசையா’ (1969) இந்தப் பொருளைத் தலைகீழாக்குகிறது. பதுங்கி வாழும் உயிரின் பெயர் புனிதப் போரின் முழக்கமாகிவிட்டது; மாண்டோர் 6,100 கோடி எனப் பேரரசனாகிவிட்ட பாலே கணக்குச் சொல்கிறான். நிலவு விழும் காட்சி அவனை அலைக்கழிக்கிறது. பல்கிப் பெருகுதல் என்ற பண்பு பேரரசின் பரவலாகத் திரிந்ததை ஹெர்பெர்ட் எங்கும் விளக்குவதில்லை, விளக்காததே நல்லது.

திரைப்படங்களில் குறியீடு வேறு வழியில் நகர்ந்தது. டேவிட் லிஞ்சின் 1984 படத்தில் பால் சுட்டிக்காட்டுவது இரண்டாம் நிலவில் தெரியும் எலியின் நிழலையே. டெனி வில்நூவின் 2021 படம் அதைப் பெருஞ்செவிகளோடு உயிருள்ள விலங்காகவே காட்டுகிறது. அங்கே எலி, தன் காதில் திரளும் ஈரத்தைக் குடிக்கிறது. கண்ணுக்கு இது எளிதில் புரியும். உயிரியலுக்கு நெருக்கமானது, நீரை உடலுக்குள்ளேயே ஆக்கிக்கொள்ளும் நாவலின் எலிதான்.