ராஜா திறந்த வாசல்

எங்க ஊர் அன்னவாசல் என்று சொன்னால், "ஓ, சித்தன்னவாசலா?" என்பார்கள். இல்லைங்க, அது பக்கத்து ஊர். இந்தக் கட்டுரை ஓவியத்தைப் பற்றியது அல்ல. வேறொரு வாசலைப் பற்றியது, கல்லூரி வாசல்.

அன்னவாசல் அப்போது புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே மகாராஜா கல்லூரியில் சேர ஒரு பெண் விண்ணப்பித்தார். 1886-ல் பிறந்த முத்துலட்சுமி. அப்பா அந்தக் கல்லூரியிலேயே முதல்வராக இருந்தவர். அம்மா தேவதாசி மரபில் வந்தவர். பையன்கள் படிக்கும் இடத்தில் பெண்ணா, அதுவும் இந்தக் குடும்பத்துப் பெண்ணா என்று எதிர்ப்பு கிளம்பியது. ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அதைப் பொருட்படுத்தவில்லை. இடம் கொடுத்தார். கூடவே உதவித்தொகையும் கொடுத்தார். முத்துலட்சுமி 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டரானார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் உருவாக்கியதுதான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ராஜா மனது வைக்காமல் போயிருந்தால்? அன்னவாசலில் ஒரு கூலிக்காரர் மகளுக்காக அரண்மனை வரை போய்ச் சொல்ல யார் இருந்தார்கள்?

அதனால்தான் சட்டம் வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்துக் கொடுத்த வகுப்புவாரி ஆணையை 1951-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டில் போராட்டம் வெடித்தது. அதே வருடம் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. பின்தங்கிய மாணவர்களுக்கு இடம் ஒதுக்கும் அதிகாரம் 15(4) பிரிவாக எழுதப்பட்டது. இனி யாருடைய மனதையும் நம்பி நிற்க வேண்டாம்.

பிரச்சினை தீர்ந்ததா? 2017-ல் நீட் வந்த பிறகு மருத்துவக் கல்லூரிக்குள் போன அரசுப் பள்ளி மாணவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2020-ல் தமிழக அரசு அவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. ஒரே வருடத்தில் 400 இடங்களுக்கு மேல்! ஆனால் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர், கட்டணத்தைக் கேட்டதும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கட்டணத்தை அரசே கட்டும் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

நூறு வருடத்துக்கு முன்பே தொண்டைமான் இடத்தையும் பணத்தையும் சேர்த்துக் கொடுத்தாரே! வாசலைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, நண்பர்களே. உள்ளே போனவர் படித்து முடித்து வெளியே வர வேண்டும்.