தேயிலையும் ஆவாரம்பூவும்

வாசகர்களே, விடிவதற்கு முன்னர்ச் சிவகாசி வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் பேருந்திலிருந்து இறங்கியிருக்கிறீர்களா? எம். புதுப்பட்டி என்றே வைத்துக்கொள்வோம். பட்டாசு ஆலைக்குச் செல்லும் வண்டியை எதிர்பார்த்து ஆண்களும் பெண்களும் தூக்குவாளியுடன் நின்றுகொண்டிருப்பார்கள். தேநீர்க் கடையில் பாய்லர் கொதிக்கும். துணிப்பையிலுள்ள தூளின்மேல் வெந்நீரை ஊற்றி, இறங்கிய சாற்றைப் பாலில் கலந்து, இரண்டு ஆற்று ஆற்றி நீட்டுவார் கடைக்காரர். "ஸ்ட்ராங்கா ஒண்ணு", "லைட்டா ஒண்ணு" என்பவற்றைத் தவிர வேறு சொற்கள் அங்குத் தேவைப்படுவதில்லை.

ஆனால் மளிகைக் கடைக்குச் சென்று பாருங்கள். இஞ்சி சேர்த்த தேயிலை, ஏலக்காய் சேர்த்த தேயிலை, துளசி, எலுமிச்சம்புல், ஆவாரம்பூ, சுக்குமல்லி எனப் பொட்டலங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. எல்லாம் தேநீர் என்ற பெயரில்தான் விற்கின்றன. எது நல்லது? எதனோடு எதனை ஒப்பிடுவது? "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்பது விடையாகாது. ஒருவருக்குப் பிடிப்பது இன்னொருவருக்குப் பிடிக்காது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி சுவையை அளக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் முதலில் விஞ்ஞானிகள் அல்லர், வியாபாரிகள். அவர்களுடைய பணம் அதில் அடங்கியிருந்தது.

இலண்டனில் 1679ஆம் ஆண்டிலேயே தேயிலை ஏலம் விடப்பட்டது. அக்காலத்தில் வந்ததெல்லாம் சீனத் தேயிலை. அசாமில் விளைந்த தேயிலை 1839 ஜனவரியில் முதன்முதலாக இலண்டன் ஏலத்துக்கு வந்தது. மொத்தமே 8 பெட்டிகள். பின்னர் 1861இல் கல்கத்தாவிலும், 1883இல் கொழும்பிலும் ஏலங்கள் தொடங்கின. நம் தென்னகத்தில் கொச்சி ஏலம் 1947இலும், குன்னூர் ஏலம் 1963இலும் வந்தன. எல்லாவற்றுக்கும் மூத்த இலண்டன் ஏலம் 1998இல் நின்றுபோயிற்று.

தேயிலையைப் பார்த்தவுடன் விலை சொல்லிவிட முடியாது. ஒரே தோட்டத்தில் திங்கட்கிழமை பறித்த இலையும் வெள்ளிக்கிழமை பறித்த இலையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே ஏலத்துக்கு முன்னர் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் மாதிரி எடுத்து, காய்ச்சிக் குடித்துப் பார்த்து விலை மதிப்பதற்கென்றே ஒரு தொழில் தோன்றியது. ஒரு கரண்டிச் சாறு. வாயில் இரண்டு நொடி. அதன் பிறகு ஒரு விலை.

அந்த விலைக்கும் நம் கரிசல் பூமிக்கும் தொடர்பு உண்டு. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1869இல், அங்குள்ள காப்பிச் செடிகளில் துருநோய் காணப்பட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் காப்பித் தொழிலையே அது விழுங்கிவிட்டது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. காப்பிக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் ஆள் இருந்தால் போதும். தேயிலைக் கொழுந்தையோ ஆண்டு முழுவதும், ஏழு முதல் பத்து நாள்களுக்கு ஒருமுறை பறித்துக்கொண்டே இருக்க வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாக ஆட்கள் தேவைப்பட்டனர். இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளிச் சீமைகளின் வறண்ட கிராமங்களிலிருந்து மக்கள் கடல் கடந்தனர். இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது என்பதை இங்கு நினைவில் கொள்ளுங்கள். அவர்கள் பறித்த கொழுந்தின் தரத்தைக் கொழும்பிலும் இலண்டனிலும் இருந்த நாக்குகள் தீர்மானித்தன. பறித்தவர்களின் நாக்கை யாரும் கேட்கவில்லை. நல்ல இலை பெட்டியேறிப் போய்விடும். லயத்தில் கொதித்த தேத்தண்ணீருக்குக் கிடைத்தது பெரும்பாலும் மிஞ்சிய தூள்தான்.

1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென முடிவாயிற்று. அவ்வாறு திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்கென நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. 1976இல் அவை தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதாவது 'டான்டீ', ஆயின. தாத்தா கற்ற தொழிலைப் பேரன் வேறொரு மலையில் தொடர்ந்தான்.

இனிச் சுவை பார்ப்பவரின் மேசைக்கு வருவோம். நீண்ட மேசையில் வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் உலர்ந்த இலை, வடித்த பின் எஞ்சிய சக்கை மூடியின்மேல், கோப்பையில் சாறு. இம்மூன்றையும் அவர் பார்க்கிறார். எடை போடுவதற்கு ஆங்கிலேயர் ஒரு வேடிக்கையான வழி வைத்திருந்தனர். தராசின் ஒரு தட்டில் ஆறு பென்னி வெள்ளி நாணயத்தை வைப்பார்கள். அதன் எடை ஏறக்குறைய 2.8 கிராம். அந்த எடைக்குத் தேயிலை! அந்தப் பழக்கத்தின் சாயலை 1980இல் வெளிவந்த அனைத்துலகத் தர நிர்ணய விதியிலும் (ஐ.எஸ்.ஓ. 3103) காணலாம்: 100 மில்லி லிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊறல். இதே விதியின் பிரிட்டிஷ் பதிப்புக்கு 1999இல் 'இக்நோபல்' என்னும் கேலிப் பரிசு கிடைத்தது. தேநீர் போடுவதற்கு ஆறு பக்க விதியா என்று உலகம் சிரித்தது. சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அது ருசியான தேநீர் தயாரிக்கும் குறிப்பன்று. 6 நிமிடம் ஊறினால் சாறு கடுத்துவிடும் என்பது விதி எழுதியவர்களுக்கும் தெரியும். குறை இருந்தால் அது ஒளிந்துகொள்ள இடமில்லாமல் செய்வதே நோக்கம்.

கரண்டிச் சாற்றை அவர் 'சர்ர்'ரென்று ஒலியெழ உறிஞ்சுகிறார். வீட்டில் நாம் அப்படிக் குடித்தால் அம்மாவிடம் திட்டு வாங்குவோம். அவ்வாறு உறிஞ்சும்போது சாறு நுண்திவலைகளாகச் சிதறுகிறது. மணப்பொருள்கள் தொண்டை வழியே மூக்கின் பின்புறத்தை அடைகின்றன. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலையே. சளி பிடித்த நாளில் குழம்பு ருசிக்காமற்போவது இதனால்தான். பிறகு சாற்றைத் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்கிறார்.

அவர் முதலில் தேடுவது துவர்ப்பு. நம் முன்னோர் அறுசுவையுள் ஒன்றாக வைத்த அதே துவர்ப்பு. வாழைப்பூவிலும் நெல்லிக்காயிலும் நாம் அறிந்ததுதான். தற்கால உடலியலோ இதனை நாக்கின் அடிப்படைச் சுவைகளில் சேர்ப்பதில்லை. உமிழ்நீரில் வழவழப்பைத் தரும் புரதங்கள் உள்ளன. தேயிலையின் பாலிஃபீனால்கள் அப்புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன, வழவழப்புக் குறைகிறது, நாக்கும் கன்னமும் இழுத்துப் பிடித்தாற்போல் உணர்கின்றன. ஆகவே துவர்ப்பு பெரும்பாலும் ஒரு தொடுவுணர்வு என்கிறார்கள். தனிப் பெயரிட்டு அதனை மற்றவற்றிலிருந்து பிரித்தறிந்த கூர்மை நம் மொழிக்கு உரியது. அது நிகழும் விதத்தைக் காட்டியது விஞ்ஞானம்.

பச்சைக் கொழுந்தைக் கசக்கினால் அதிலுள்ள ஒரு நொதி, காற்றின் உயிர்வளியைக் கொண்டு கேட்டச்சின்களை மாற்றுகிறது. பொன்னிறமான தியாஃபிளேவின்களும் செம்பழுப்பான தியாரூபிஜின்களும் தோன்றுகின்றன. முன்னது சாற்றுக்குப் பளபளப்பையும் சுறுசுறுப்பான துவர்ப்பையும் தருகிறது. பின்னது நிறத்தையும் கனத்தையும் தருகிறது. 1930இல் அசாமில் மக்கெர்ச்சர் என்பவர் அமைத்த 'சி.டி.சி.' இயந்திரம் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டியது. இத்தகைய தூளிலிருந்து சாறு விரைவாகவும் கடுமையாகவும் இறங்குகிறது. புதுப்பட்டிக் கடையின் துணிப்பையில் இருப்பது இந்த வகைத் தூளே. பாலின் கேசின் புரதம் பாலிஃபீனால்களைத் தானே பற்றிக்கொண்டு உமிழ்நீருக்கு விட்டுவைக்கும் பங்கைக் குறைத்துவிடுகிறது. "லைட்டா" என்று கேட்பவருக்குக் கடைக்காரர் செய்வது இந்த வேதியியலைத்தான்.

இனி ஆவாரைக்கு வருவோம். விருதுநகர்ப் பக்கம் சாலையோரமெல்லாம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் செடி இது. தேயிலைக்கும் இதற்கும் தாவரவியல் உறவு கிடையாது. ஆயினும் துவர்ப்பு இதனிடமும் உண்டு. இதன் பட்டையில் டானின் மிகுதி. சென்னை மாகாணத்துத் தோல் பதனிடும் தொழில் ஒருகாலத்தில் இந்தப் பட்டையைப் பெரிதும் நம்பியிருந்தது. தோலின் புரதத்தைப் பற்றி இறுக்குவதும், நாக்கில் உமிழ்நீர்ப் புரதத்தைப் பற்றுவதும் ஏறத்தாழ ஒரே வகைச் செயல். பூவில் அத்தனை கடுமை இல்லை. மெல்லிய துவர்ப்பே உண்டு. இலங்கையில் 'ரணவரா' என்ற பெயரில் இதனைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். ஆங்கிலேயர் இதனை மாத்தறைத் தேயிலை என்றே அழைத்தனர். ஆனால் நம் உணவுத் தர விதிகளில் தேயிலை என்பது 'கமேலியா சைனென்சிஸ்' செடியிலிருந்து வருவது மட்டுமே. ஆவாரையில் காஃபீன் எதிர்பார்க்க வேண்டாம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆவாரம்பூச் சாறு எலிகளில் இரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. அதை நம்பி எவரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பொட்டலத்தில் அச்சிட்டிருப்பது மருத்துவச் சீட்டாகாது.

மணத்திற்கு வந்தால் இன்னும் வியப்பு. நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, உறைபனி இறங்கும் குளிர்நாள்களில் பறிக்கும் இலை நறுமணத்துக்குப் பெயர் பெற்றது. தேயிலையின் பூமணத்துக்குக் காரணமான பொருள்களில் முக்கியமானது லினலூல். இதே லினலூல்தான் கொத்தமல்லி விதையின் எண்ணெயில் பெரும்பகுதி. ஆங்கிலேயர் போற்றும் 'ஏர்ல் கிரே' தேயிலைக்கு மணமூட்டும் பெர்கமாட் பழத்தோலிலும் லினலூல் இருக்கிறது. ஆக, விருதுநகர்ச் சந்தையில் மூட்டை மூட்டையாக விலை போகும் மல்லியும், குன்னூர் ஏலத்தின் உயர்தர இலையும் மணத்தில் தூரத்து உறவினர். சுக்குமல்லிக் காப்பியில் காப்பி இல்லை. ஆனால் தேயிலையின் மணம் ஒரு துளி இருக்கிறது! சுக்கின் கதை வேறு. இஞ்சி உலரும்போது அதன் ஜிஞ்சரால் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. ஷோகால் இன்னும் காரமானது. மிளகாய்க் காரம் தூண்டும் அதே நரம்பு வாயிலைத்தான் இவையும் தூண்டுகின்றன. எனவே கார்ப்பும் துவர்ப்பைப் போலவே நாக்கின் அடிப்படைச் சுவைகளில் சேராது.

தேயிலை அருகிலுள்ள மணத்தை ஈர்த்துக்கொள்ளும். சீனர் இதைப் பயன்படுத்தி, இரவில் விரியும் மல்லிகை மொட்டுகளைத் தேயிலையுடன் அடுக்கி மணமேற்றினர். காலையில் பூவை நீக்கிவிடுவர். நம் அலமாரியில் அதே குணம் கேடாகிறது. பெருங்காய டப்பாவின் பக்கத்தில் தேயிலையை வைத்துவிட்டுக் கடைக்காரரைக் குறை சொல்லக் கூடாது. மணம் சேர்ப்பது தவறன்று. ஆனால் பழைய, சோர்ந்த தூளை ஏலக்காய் மணம் மறைத்துவிடும் என்பதால், மணமூட்டிய தேயிலையை ஆராயும்போது துவர்ப்பை முதலில் கவனியுங்கள். மணத்தைச் சேர்க்கலாம், தியாஃபிளேவினை அவ்வளவு எளிதில் சேர்க்க முடியாது.

நீங்களே செய்து பாருங்கள். மூன்று தம்ளர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெறும் தேயிலை, ஒன்றில் ஏலக்காய்த் தேயிலை, ஒன்றில் ஆவாரம்பூ. ஒவ்வொன்றிலும் 2 கிராம், 100 மில்லி லிட்டர் கொதிநீர், 6 நிமிடம். பாலும் சர்க்கரையும் வேண்டாம். எது எதில் என்று தெரியாதபடி வேறொருவர் தம்ளர்களை இடம் மாற்றி வைக்கட்டும். சூடு தணிந்ததும் முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு, பிறகு விட்டுவிட்டு ஒரு மடக்கு. வெறும் தேயிலைச் சாற்றில் கொஞ்சம் எடுத்து நன்றாக ஆற வையுங்கள். நல்ல சாறு ஆறியதும் கலங்கும். காஃபீனும் தியாஃபிளேவினும் கூடிப் பிரிவதால் வரும் கலங்கல் இது. கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள், சுவை பார்ப்பவர்கள் அதனை நல்ல அடையாளமாகவே கொள்கிறார்கள்.

மூன்றுக்கும் ஒரே தண்ணீரை ஊற்றுங்கள். நம் வட்டாரத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். அதில் போட்ட கடுந்தேநீரின்மேல் ஆடை போலப் படலம் மிதப்பதைக் கண்டிருப்பீர்கள். நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் தேயிலையின் பொருள்களும் காற்றுப்பட்டுச் சேர்ந்து உண்டாக்குவது அது என 1993இல் இலண்டன் ஆய்வாளர்கள் காட்டினர். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்தால் படலம் மறையும். கூடவே சாற்றின் நிறமும் வெளுக்கும். மழைநீர் கிடைத்தால் அதிலும் ஒரு தம்ளர் போட்டு அருகில் வைத்துப் பாருங்கள்.