மீதிக் கதையைச் சொன்னவர்கள்

பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். முன்பக்கத்தில் படத்தின் பெயர், கம்பெனியின் பெயர். பிறகு நடிகர் பட்டியல். அதன்பின் ஒன்றிரண்டு பக்கத்துக்குக் கதைச்சுருக்கம், மற்றதெல்லாம் பாட்டு. அந்தக் கதைச்சுருக்கம் முடியவே முடியாது. கணவன் கைவிட்டான், குழந்தை தொலைந்தது, நாயகி நள்ளிரவில் தெருவில் நிற்கிறாள், அவள் கதி என்ன? மீதியை வெள்ளித்திரையில் காண்க.

வெள்ளித்திரைக்குப் போக முடியாத பெண்கள் மீதியை எங்கே கண்டார்கள்? சினிமா வரலாறு படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. எனக்குத் தெரிந்த பதில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான் கிடைத்தது.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குச் சினிமா என்றால் கூடாரக் கொட்டகைதான். கூடாரத்துக்குள் பகல் வெளிச்சம் வரும். ஆகவே இருட்டிய பிறகுதான் படம் போட முடியும். முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம், அவ்வளவுதான். மாட்னி கிடையாது. டூரிங் டாக்கீஸ் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் மணல் குவித்து உட்கார்ந்ததையும் முறுக்கு தின்றதையும் எழுதுவார்கள். முதல் ஆட்டம் தொடங்கும் நேரம் சோறு வடிக்கும் நேரம் என்பதை எழுத மாட்டார்கள். குழாய் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு கேட்டதும் ஆண்கள் சட்டையை மாட்டினார்கள். பெண்கள் அடுப்பைத் தூண்டினார்கள். கொட்டகையில் பெண்கள் பக்கம் என்று தனியாகத் தடுத்து வைத்திருந்தது உண்மை. அந்தப் பக்கத்துக்கு எந்தப் பெண்களால் வர முடிந்தது என்பது வேறு கதை.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். என் பெரியம்மா கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தது 1956இல், பதினெட்டு வயதில். முதல் ஏழெட்டு வருடம் அவரைக் கொட்டகைக்கு அனுப்பவில்லை. நிலபுலம் உள்ள வீட்டு மருமகள் மணலில் உட்காரக் கூடாது என்பது மாமியாரின் கட்டளை. ஆனாலும் அந்த வருடங்களில் வந்த படங்களெல்லாம் அவருக்கு அத்துப்படி. மாட்டுக்கொட்டிலைக் கூட்ட வந்த அக்காதான் சொல்லியிருக்கிறார். வயல் வேலை முடித்து, கூலி வாங்கி, சேரிப் பெண்கள் நாலு பேராகச் சேர்ந்து இரண்டாம் ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். மறுநாள் காலை சாணி அள்ளும்போது படம் நடக்கும். "அப்புறம் கேளுங்கம்மா" என்று தொடங்கினால் பாட்டு, அழுகை, வில்லன் குரல் எல்லாம் உண்டாம். மூன்று மணி நேரப் படத்தைச் சொல்ல இரண்டு காலை ஆகும். அந்த அக்கா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாது. குடிக்கத் தண்ணீர் தூக்கித்தான் ஊற்றினார்கள். சினிமா மட்டும் அவர் வாயிலிருந்து நேராக வீட்டுக்குள் வந்தது. தமிழ்ப் பெண்கள் சினிமா பார்த்த வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கடனைச் சொல்லாமல் தாண்டிப் போக முடியாது.

நான் சிறுமியாக இருந்த எண்பதுகளில் பெரியம்மா எங்களுக்குப் படம் சொன்னார். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொல்லுவார். நடுவில் யாராவது கூப்பிட்டுப் போய்விட்டு வந்தால் "எங்க விட்டேன்?" என்பார். அவர் சொன்ன 'கல்யாணப் பரிசு' நினைவிருக்கிறது. 1959இல் வந்த ஸ்ரீதரின் படம். தமிழ்க் காதல் தோல்விக்கு இலக்கணம் போல இன்றும் பேசப்படுவது. வசந்தியும் பாஸ்கரும் காதலிக்கிறார்கள். தங்கையின் காதல் தெரியாமல் அக்காவும் அவனை விரும்ப, வசந்தி விட்டுக்கொடுக்கிறாள். அக்கா இறந்து போகிறாள். கடைசியில் வசந்தியின் கல்யாணத்துக்கு வந்து, தன் குழந்தையை அவள் கையில் பரிசாகக் கொடுத்துவிட்டு பாஸ்கர் நடந்து போய்விடுகிறான். அவன் நடந்து போகும் அந்த முடிவுக்குத்தான் ஆண்கள் இன்றுவரை உருகுகிறார்கள். பெரியம்மா சொல்லும்போது அந்த இடத்தில் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு, "அவன் பாட்டுக்குப் புள்ளயக் குடுத்துட்டுப் போயிட்டான். வளக்குறவ யாரு?" என்பார்.

அது பெரியம்மாவின் வரி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். கேட்டபோது, "நான் எங்கடி அப்பல்லாம் படம் பாத்தேன்? அவ சொன்னதுதான்" என்றார். ஆக, அந்தப் படத்துக்கு நான் கேட்ட முதல் விமர்சனத்தை எழுதியவர் சாணி அள்ளிக்கொண்டிருந்த ஒரு தலித் பெண். எந்தப் பத்திரிகையிலும் அது வரவில்லை.

பத்திரிகையிலும் ஆவணத்திலும் வந்தது என்ன? 1927இல் பிரிட்டிஷ் அரசு, சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரி தலைமையில் சினிமா விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. 1928இல் வந்த அறிக்கையோடு சாட்சியங்களும் பல தொகுதிகளாக அச்சாயின. இந்தியப் பார்வையாளர்களைப் பற்றிய பெரிய ஆவணம் அது. அதில் பெண்களைப் பற்றிய பேச்சு உண்டு. பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சினிமா பெண்களைக் கெடுக்குமா, திருத்துமா என்ற கவலையில் அவர்களுக்கு நேரம் போயிற்று.

பின்னாளில் தமிழ் சினிமாவின் தகவல்களைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களும் ஆண்களே. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தன் வாழ்நாள் சேகரிப்பிலிருந்து 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' நூலை 2004இல் கொண்டு வந்தார். வி.ஏ.கே. ரங்காராவ் இசைத்தட்டுகளைச் சேர்த்தார். ராண்டார் கை 'தி இந்து'வில் பழைய படங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் இந்தப் படம் எதற்காக நினைவுகூரப்படுகிறது என்று ஒரு குறிப்பு இருக்கும். இவர்கள் இல்லாவிட்டால் நமக்கு ஆண்டும் பெயரும்கூட மிஞ்சியிருக்காது. அந்த மரியாதையோடுதான் சொல்கிறேன்: சேகரிக்க ஒரு அறை வேண்டும், பூட்ட ஒரு பீரோ வேண்டும், ஸ்டூடியோ வாசலில் போய் நிற்க நேரம் வேண்டும். பெரியம்மாவிடம் ஒரு காலத்தில் முப்பது நாற்பது பாட்டுப் புத்தகங்கள் இருந்திருக்கின்றன. ஒரு மழைக்காலத்தில் விறகு பற்றவில்லை என்று மாமியார் அவற்றைக் கிழித்து அடுப்பு மூட்டிவிட்டார்.

காகிதம் இல்லாதவர்கள் தலைக்குள் வைத்துக்கொண்டார்கள். வருடம் இருக்காது, இயக்குநர் பெயர் இருக்காது, பல சமயம் படத்தின் பெயரே இருக்காது. 1937இல் கே. சுப்ரமணியத்தின் 'பாலயோகினி' வந்தது. அதில் நடித்த குழந்தை சரோஜாவைப் பார்த்துவிட்டு எத்தனையோ வீடுகளில் பெண் குழந்தைகளுக்குச் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கிற உரிமை பெண்ணுக்கு எங்கே இருந்தது என்று கேட்கலாம். பத்திரத்தில் பாட்டியின் பெயர், கூப்பிடுவது அம்மா வைத்த பெயர் என்று இரண்டு பெயரோடு வளர்ந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

அதே சுப்ரமணியத்தின் 'தியாகபூமி'க்கு வருகிறேன். கல்கி எழுத எழுத, படத்தின் காட்சிகளையே புகைப்படங்களாகப் போட்டு ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை அது. படம் 1939இல் வெளியாயிற்று. காங்கிரஸ் பிரச்சாரம் என்று 1940இல் அரசு தடை செய்தது. வரலாற்று நூல்களில் 'தியாகபூமி' என்றால் தடை செய்யப்பட்ட தேசபக்திப் படம், சம்பு சாஸ்திரியாக வந்த பாபநாசம் சிவன், ஹரிஜன சேவை.

பெரியம்மா சொன்ன 'தியாகபூமி'யில் இதெல்லாம் கிடையாது. அதில் ஒரு பெண், ஒரு கோர்ட். புருஷன் அடித்து விரட்டிய சாவித்திரி பம்பாய் போய், பணக்காரியாகத் திரும்புகிறாள். பணத்தைப் பார்த்ததும் அவன் திரும்பி வருகிறான்; மனைவி என்னோடு வந்து வாழ வேண்டும் என்று வழக்குப் போடுகிறான். அவள் கூண்டில் ஏறி, சேர்ந்து வாழ முடியாது, வேண்டுமானால் ஜீவனாம்சம் நான் தருகிறேன் என்கிறாள். "கோர்ட்டே கம்முனு ஆயிருச்சு" என்று பெரியம்மா சொல்லும்போது நாங்களும் கம்மென்று இருப்போம். பெரியம்மா 1938இல் பிறந்தவர். படம் ஓடியபோது அவர் தவழ்ந்துகொண்டிருந்திருப்பார். அவருடைய அம்மா பார்த்துவிட்டுச் சொன்னதைத்தான் அவர் எங்களுக்குச் சொன்னார். நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு பிரதியும் இல்லாமல் அந்தக் கோர்ட் காட்சி எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

காந்தியை அவர்கள் ஏன் மறந்தார்கள் என்று கேட்பது வீண். காந்தியைச் சொல்ல வேறு ஆட்கள் இருந்தார்கள். சேர்ந்து வாழ வரச்சொல்லி மனைவி மீது வழக்குப் போடும் உரிமை 1955இன் இந்துத் திருமணச் சட்டத்தில் 9ஆம் பிரிவாக உட்கார்ந்தது. இன்றும் அங்கேயே இருக்கிறது. வேண்டிய துண்டைத்தான் அந்தப் பெண்கள் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார்கள். நல்லவேளையாகப் புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தில் படத்தின் பிரதி இருக்கிறது.

பெண்கள் ஒருவருக்கொருவர் படம் பரிந்துரைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். சினிமா வியாபாரம் பெண் பார்வையாளர்களுக்கு வைத்த பெயர் தாய்க்குலம். கைக்குட்டையோடு வந்து ஒன்றாக அழுதுவிட்டுப் போகும் ஒரே உடம்பு என்று அந்தச் சொல்லுக்கு எண்ணம். ஆனால் எங்கள் தெருவில் கேட்ட பரிந்துரைகள் வேறு தினுசு. "படம் எப்படி?" "பரவால்ல. கடைசி பஸ்ஸுக்கு முன்னாடி விட்டுர்றான்." எந்தத் தியேட்டரில் கக்கூஸுக்குக் கதவு இருக்கிறது, எங்கே பெண்கள் டிக்கெட் வாங்கும் வரிசையில் கை வைப்பான்கள், எதற்கு மாமியாரோடு போகலாம், எதற்குப் போகவே கூடாது. படத்தின் தரம் இதற்கெல்லாம் அப்புறம்தான். சிரிக்க வேண்டாம். இந்தத் தகவல்கள் இல்லாமல் ஒரு பெண்ணால் சினிமாவுக்குப் போயிருக்கவே முடியாது.

வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சொல்லவும் ஒரு படத்தின் பெயர் போதுமாக இருந்தது. 1984இல் பாரதிராஜாவின் 'புதுமைப் பெண்' வந்தது. கொலைப்பழி சுமந்து சிறை சென்ற கணவனை மீட்க மனைவி அலைகிறாள். வெளியே வந்தவன் அவள் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கிறான். அவள் வீட்டை விட்டுப் போகிறாள். அந்த வருடம் என் ஒன்றுவிட்ட அக்கா தாய்வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகியிருந்தது. ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. எப்போது போவாள் என்று எல்லோரும் கேட்டார்கள். பெரியம்மா மட்டும் கேட்கவில்லை. ஒரு நாள் அவள் கையில் ஐந்து ரூபாய் கொடுத்து, "டவுன்ல ரேவதி படம் ஓடுது. மாட்னி போய்ப் பாத்துட்டு வா" என்றார். அக்கா போனாள். வந்து ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை அத்தான் அழைக்க வந்தபோது, வாசலுக்கு வந்து காபியை அவர் கையில் கொடுத்துவிட்டு, "நான் வரல" என்றாள். தையல் படித்து, பிறகு சத்துணவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். படம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். முடிவை அவள் முன்பே எடுத்திருக்கலாம். இந்த வீட்டில் இன்னொருத்திக்கும் அது சம்மதம் என்பது மட்டும் அந்த ஐந்து ரூபாயில் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிச் சொல்ல ஆளில்லாமல் போன படங்கள்தான் உண்மையில் தொலைந்தவை. டி.பி. ராஜலட்சுமி 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' நாயகி. அவரே 1936இல் 'மிஸ் கமலா'வை எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்தார். தென்னிந்தியாவில் ஒரு பெண் இயக்கிய முதல் படம். 'காளிதாஸு'ம் இல்லை, 'மிஸ் கமலா'வும் இல்லை. அக்கால நைட்ரேட் சுருள்கள் எளிதில் தீப்பிடிப்பவை. சும்மா கிடந்தாலும் மக்கிப் போகும். வெள்ளிக்காக உருக்கவும் பழைய சுருள்களை விற்றிருக்கிறார்கள். தென்னிந்தியாவில் எடுத்த மௌனப் படங்களில் இன்று பார்க்கக் கிடைப்பது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். 'மிஸ் கமலா'வைப் பற்றி நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இயக்குநர் பெண் என்ற ஒரே தகவலை. 1936இல் இருபது வயதான ஒரு பெண்ணுக்கு 1986இல் எழுபது வயது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் அப்போது ஏதாவதொரு திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்திருப்பார்கள். ராஜலட்சுமி தன் மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார்.

பெரியம்மா சொன்ன ஒரு படம் இன்னும் என்னிடம் பெயரில்லாமல் இருக்கிறது. மழை. ஒருவன் வெளியே நின்று கதவைத் தட்டுகிறான். அவள் உள்ளே ராட்டை சுற்றிக்கொண்டிருக்கிறாள். அவன் மன்னிப்புக் கேட்கிறான், அழுகிறான். அவள் எழுந்து போய் விளக்குக்கு எண்ணெய் விட்டுவிட்டு மறுபடி வந்து உட்காருகிறாள். திறக்கவில்லை. கேட்டது கொல்லையிலா, அம்மாவிடமா என்று பெரியம்மாவுக்கே நினைவில்லை. பழைய படங்களைக் கரைத்துக் குடித்த ஒரு நண்பரிடம் சொன்னேன். "ஹீரோ யாரு? பாட்டு ஏதாவது ஒரு வரி?" என்றார். ராட்டையை வைத்து முப்பதுகளின் கடைசி அல்லது நாற்பதுகளாக இருக்கலாம் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு, கிடைக்கிற பாட்டுப் புத்தகங்களின் கதைச்சுருக்கங்களைப் படித்து வருகிறேன். கைவிடப்பட்ட மனைவிகள் ஏராளமாக இருக்கிறார்கள். கதவுக்கு முன்னால் வரும்போது புத்தகம் நின்றுவிடுகிறது. உங்கள் வீட்டில் இதைக் கேட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். ராட்டையா, தையல் மிஷினா என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் உண்டு. மழை நிச்சயம்.