ஓசூர் சாலையின் மறுமுனை

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர். அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, மடிவாளா என்று நெரிசலில் ஊர்ந்து ரிச்மண்ட் டவுனை எட்டினால், மரங்கள் சூழ்ந்த ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் கண்ணில் படும். அதன் தொடக்க காலப் போதகர்களில் ஒருவர் ஜி.யு. போப். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த அதே போப்தான். ஆனால் பெங்களூரில் அவருடைய பெரிய வேலை தமிழும் அல்ல, பிரசங்கமும் அல்ல. அங்கிருந்து அதிக தூரமில்லாத பிஷப் காட்டன் ஆண்கள் பள்ளியின் வார்டன், அதாவது தலைமைப் பொறுப்பாளர் அவர். வெள்ளைக்காரப் பையன்களையும் ஐரோப்பிய-இந்தியக் கலப்பில் பிறந்த யூரேசியப் பையன்களையும் கட்டி மேய்த்தவர்.

அந்தப் பள்ளியின் வேரைத் தேடிப் போனால் இங்கிலாந்தில் நடந்த ஒரு மாணவர் கலகத்தில் போய் நிற்போம். 1851-இல் மார்ல்பரோ என்னும் உறைவிடப் பள்ளியில் பையன்கள் வெடி வெடித்தார்கள், ஜன்னல் கண்ணாடிகளை நொறுக்கினார்கள், ஆசிரியர்களை அடியோடு மதிக்க மறுத்தார்கள். மறு ஆண்டு அங்கே தலைமையாசிரியராக வந்தவர் ஜார்ஜ் எட்வர்ட் லிஞ்ச் காட்டன். ரக்பி பள்ளியில் தலைமையாசிரியர் தாமஸ் ஆர்னால்டிடம் உதவி ஆசிரியராகத் தேறியவர். ரக்பியைக் களமாகக் கொண்ட 'டாம் பிரவுன்ஸ் ஸ்கூல்டேஸ்' நாவலின் கடைசிப் பகுதியில், கிரிக்கெட் ஆட்டத்தைப் பார்த்தபடி டாமுடன் பேசிக்கொண்டிருக்கும் இளம் ஆசிரியர் இவரை வைத்து எழுதப்பட்டவர்தான்.

மார்ல்பரோவில் காட்டன் கண்ட கோளாறு எளிமையானது. வகுப்பு முடிந்ததும் பையன்களுக்கு வேலை இல்லை. பக்கத்துக் காடுகளில் திருட்டு வேட்டை, கிராமத்தாரோடு வம்பு. 1853-இல் பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை விட்டார்: இனி ஓய்வு நேரமெல்லாம் பள்ளி மைதானத்தில், கிரிக்கெட், கால்பந்து. மூத்த மாணவர்களைப் பிரிஃபெக்டுகளாக்கி, சின்னவர்களை மேய்க்கும் பொறுப்பையும் கொடுத்தார். கிரிக்கெட் ஆடினால் குணம் வளரும் என்ற பேச்செல்லாம் பிறகு பூசிய மெருகு. முதலில் அது வேலி தாண்டாமல் பிள்ளைகளைப் பிடித்து வைக்கும் உபாயம்.

1858-இல் காட்டன் கல்கத்தா பிஷப்பாகக் கப்பலேறினார். 1857 கிளர்ச்சி அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வசதியுள்ள வெள்ளையர்கள் பிள்ளைகளைச் சீமைக்கு அனுப்பிவிடுவார்கள். ரயில்வே கார்டும் தந்தி குமாஸ்தாவும் யூரேசியக் குடும்பங்களும் என்ன செய்வார்கள்? படிப்பில்லாமல் விட்டால் இவர்களே அரசுக்குத் தலைவலியாவார்கள் என்று கவர்னர் ஜெனரல் கேனிங் 1860-இல் குறிப்பு எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டே சிம்லாவில் ஒரு பள்ளிக்குக் காட்டன் அடித்தளம் போட்டிருந்தார். கிளர்ச்சி அடங்கியதற்கு நன்றி சொல்லும் ஆராதனையில் திரட்டிய காணிக்கைதான் அதற்கு முதல் பணம். கருணை கொஞ்சம், பயம் கொஞ்சம். இந்தப் பள்ளிகள் பிறந்தது இரண்டும் கலந்துதான்.

தெற்கே இதே யோசனையைக் கையில் எடுத்தவர் சாமுவேல் தாமஸ் பெட்டிகுரூ என்ற பாதிரியார். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பதால் மலையேறத் தேவையில்லாமலே குளிர் கிடைத்தது. கன்டோன்மென்ட்டில் ராணுவக் குடும்பங்களும் இருந்தன. 1865 ஏப்ரல் 19 அன்று, ஹை கிரவுண்ட்ஸில் 'வெஸ்ட்வர்ட் ஹோ' என்ற பங்களாவில் பள்ளி திறந்தது. பெயர் கொடுத்த பிஷப்புக்கு ஆயுள் நீளவில்லை. 1866 அக்டோபரில் குஷ்டியாவில் ஒரு கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணித்துவிட்டுத் திரும்பும்போது, நீராவிப் படகுக்குப் போட்டிருந்த பலகையில் கால் வழுக்கி கோராய் ஆற்றில் விழுந்தார். உடல் கிடைக்கவே இல்லை.

போப் வந்தது 1871-இல். அதற்குள் தமிழ்நாட்டில் முப்பதாண்டுக்கு மேல் பழம் தின்று கொட்டை போட்டிருந்தார். சாயர்புரத்துப் பனங்காட்டில் 1842 முதல் அவர் நடத்திய போர்டிங்கில் திருநெல்வேலிச் சீமைப் பையன்கள் தமிழோடும் ஆங்கிலத்தோடும் லத்தீன், கிரேக்கம், எபிரேயம் எல்லாம் படித்தார்கள். பிரம்புக்கும் குறைவில்லை. கண்டிப்பு எல்லை மீறியதால் அடுக்கடுக்காகச் சிறு கலகங்கள் வெடித்து, கடைசியில் அவர் அங்கிருந்து விலக நேர்ந்தது என்று கால்டுவெல்லே எழுதி வைத்திருக்கிறார். ஒரே சபையைச் சேர்ந்த சக மிஷனரி சொன்னது. பகைவர் கட்டிய கதை என்று தள்ளிவிட முடியாது. பிறகு தஞ்சாவூர், அங்கும் பூசல். ஊட்டியில் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கான பள்ளி. அதன் பிறகுதான் பெங்களூர்.

இங்கே அவர் கை ஓங்கியது. பள்ளி இன்றைய விசாலமான இடத்துக்கு மாறியது அவர் காலத்தில்தான். மணியடித்தால் எழ வேண்டும், மணியடித்தால் ஜெபம், வகுப்பு, மாலையில் மைதானம், இரவில் மேற்பார்வையோடு படிப்பு, பிறகு விளக்கணைப்பு. ரக்பியிலும் மார்ல்பரோவிலும் இருந்த அதே நாள் ஒழுங்கு, கன்டோன்மென்ட்டுக்குக் குடிபெயர்ந்து வந்தது. வலப்புறமும் சாயாதே, இடப்புறமும் சாயாதே என்பது லத்தீனில் பொறித்த பள்ளி முழக்கம்.

மதிலுக்கு வெளியே கன்டோன்மென்ட் தெருக்களில் கேட்டதெல்லாம் பெரும்பாலும் தமிழ். சிப்பாய்களாகவும் சமையற்காரர்களாகவும் கொத்தனார்களாகவும் வட ஆர்க்காடு, சேலம் பக்கமிருந்து குடியேறியவர்களின் பேச்சு அது. அவர்கள் வீட்டுப் பையன்களுக்காக எழுந்த பள்ளி அல்ல இது. சாயர்புரத்தில் பனையேறி வீட்டுப் பிள்ளைக்குக் கிரேக்கம் சொல்லிக் கொடுத்தவர், இங்கே அந்த வாசலைத் திறந்து வைக்கவில்லை. ஆனால் அவருடைய மேசையில் தமிழ் இருந்தது. 1878-இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் குறளைப் பற்றிய அவருடைய குறிப்புகள் வரத் தொடங்கின. அதே 1878 டிசம்பரில், சாலையின் இந்த முனையில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தார். ஓசூர் அரசுப் பள்ளியிலும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் படித்த அவரும் பிற்காலத்தில் குறட்பாக்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். போப் 1880களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்து திரும்பிவிட்டதால் இருவரும் சந்திக்க வழியில்லை.

பள்ளி வளர்த்த பிள்ளைகளில் ஒருவன் குடகில் பிறந்த வில்லியம் லீஃப் ராபின்சன். 1916 செப்டம்பர் இரவொன்றில் லண்டனுக்கு வடக்கே ஜெர்மானிய ஆகாயக் கப்பலைச் சுட்டு வீழ்த்தி விக்டோரியா கிராஸ் வாங்கினான். அதே குடகிலிருந்து வந்த கே.எஸ். திம்மையா, சுதந்திர இந்தியாவின் ராணுவத் தளபதியானார். பொக்ரானில் 1974-இல் நடந்த அணுகுண்டுச் சோதனையை முன்னின்று நடத்திய ராஜா ராமண்ணாவும் இங்கே படித்தவரே. பேரரசுக்கு ஆள் தேற்ற எழுந்த பள்ளியிலிருந்து கடைசி இருவரும் வந்தார்கள் என்பதைக் காட்டன் பார்த்திருந்தால் திகைத்திருப்பார்.

1947-க்குப் பிறகு, முன்பு யூரேசியர் எனப்பட்ட ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல வெளிநாடு போயின. பள்ளி தென்னிந்தியத் திருச்சபையின் கீழ் வந்தது. இத்தகைய பள்ளிகள் எழுதி வந்த கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பதிலாக 1958-இல் உருவான வாரியம்தான் இன்று ஐ.சி.எஸ்.இ. தேர்வை நடத்துகிறது. பிஷப் காட்டனில் மாணவர்களைப் பிரிக்கும் 'ஹவுஸ்' அணிகளில் இன்றும் பெட்டிகுரூ பெயரில் ஒன்று, போப் பெயரில் ஒன்று.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் ஆலை திறந்தபின், ஊர் ஊராகப் பொறியாளர்கள் வந்து இறங்கினார்கள். கூடவே தனியார் பள்ளிகளும் பெருகின. இங்கேயும் விளையாட்டு விழாவன்று சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று ஹவுஸ் பிரித்து அணிவகுக்க வைக்கிறார்கள். கேப்டன் சட்டையில் பேட்ஜ் குத்துகிறார்கள். பிள்ளைகளுக்கு மார்ல்பரோவும் தெரியாது, காட்டனும் தெரியாது. ரிலே ஓட்டத்தில் எந்த ஹவுஸ் ஜெயித்தது என்பதுதான் வீடு திரும்பும் வேனில் பேச்சு.