ஐம்பது முனைகளும் ஒரு செவ்வகமும்

எம்.இ. படிக்கும்போது என்எஸ்-2 ஓட்டி, அட்-ஹாக் வலையமைப்பு நெறிமுறைகளை ஒப்பிட்டு கிராஃப் போட்டவன்தான் நானும். இந்த வழக்கம் எங்கேர்ந்து வந்ததுன்னு பின்னாடிதான் தேடினேன்.

1998-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழு 1500-க்கு 300 மீட்டர் செவ்வகத்தில் 50 முனைகளை 900 விநாடி உலவவிட்டது, எல்லாம் கணினிக்குள்ளேதான். டிஎஸ்டிவி பாதைப் பட்டியலை எப்பவும் கையில் வைத்திருக்கும். முனைகள் ஓயாமல் நகர்ந்ததும் பட்டியல் பழசாகி பாக்கெட்டுகள் தொலைந்தன. டிஎஸ்ஆர், ஏஓடிவி இரண்டும் தேவைப்பட்டால்தான் வழி கேட்கும்; தாக்குப்பிடித்தன. முதலிடம் டிஎஸ்ஆருக்கு.

அதை வடிவமைத்த ஜான்சனும் மால்ட்ஸும் அந்தக் குழுவிலேயே இருந்தார்கள். 2000-ல் ஏஓடிவியை உருவாக்கிய பெர்கின்ஸும் ராயரும், தாஸுடன் சேர்ந்து ஒப்பிட்டார்கள். சுமையும் நகர்வும் குறைவென்றால் டிஎஸ்ஆர், கூடினால் ஏஓடிவி என்று வந்தது. யாரும் ஏமாற்றவில்லை, சோதனைக் களத்தை மாற்றினால் விடையும் மாறுகிறது, அவ்வளவுதான்.

களத்திலேயே ஓட்டை இருந்ததை 2003-ல் யூன், லியு, நோபிள் காட்டினார்கள். எல்லோரும் நம்பிய ரேண்டம் வேபாயின்ட் மாதிரியில் குறைந்தபட்ச வேகம் பூஜ்யம் என்றால், நேரம் போகப்போக சராசரி வேகம் இறங்கிக்கொண்டே போகும்.

என் பழைய ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். குறைந்தபட்ச வேகம்: 0.