மூடுபனியில் இறங்கிய விமானம்

சில ஆண்டுகளுக்கு முன் மகனைப் பார்க்க நானும் மனைவியும் பாரிஸ் போனோம். விமானம் இறங்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை. இறக்கையின் நுனிகூடத் தெரியவில்லை. மூடுபனியால் தானியங்கி முறையில் தரையிறங்கப் போவதாகவும், செல்போன்களை அணைத்துவிடும்படியும் கேப்டன் பிரெஞ்சில் அறிவித்தார். பிரெஞ்சில் படித்தவன், எனக்குப் புரிந்தது. "என்ன சொல்றார்?" என்று கேட்ட மனைவியிடம், "பெல்ட் போடச் சொல்றார்" என்றேன். தரை கண்ணில் படும் முன்பே சக்கரம் தரையைத் தொட்டது.

ஊர் திரும்பியதும் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

மூடுபனியில் இறங்குவதை ஆராய பிரிட்டன் 1945-லேயே தனிப் பிரிவு தொடங்கியது. ஓடுபாதை அருகிலிருந்து இரண்டு ரேடியோ அலைக்கற்றைகள் வரும். ஒன்று இடம் வலம் காட்டும்; மற்றது சுமார் 3 டிகிரி சரிவைக் காட்டும். தரையை நெருங்கியதும் சரிவுக் கற்றையை நம்ப முடியாது. அங்கே ரேடியோ உயரமானி உயரத்தை அளந்து சொல்ல, ஆட்டோ பைலட் விமானத்தின் மூக்கை மெல்லத் தூக்கும்.

1965 ஜூன் 10 அன்று, பாரிசிலிருந்து லண்டன் ஹீத்ரோ வந்த டிரைடென்ட் விமானம் பயணிகளோடு இம்முறையில் இறங்கியது. ஆனால் அன்று இயந்திரம் பார்த்தது உயரத்தை மட்டுமே. திசையைப் பார்த்தவர் விமானி. பிரெஞ்சுக்காரர்களும் சளைக்கவில்லை. ஏர் இன்டர் நிறுவனத்தின் காரவெல் விமானம் 1969 ஜனவரி 9 அன்று, பயணிகளோடு உண்மையான மூடுபனியிலேயே தானாக இறங்கியது.

என்னைக் கவர்ந்தது டிரைடென்டின் ஏற்பாடு. அதில் மூன்று ஆட்டோ பைலட்டுகள். மூன்றும் தனித்தனியே கணக்குப் போடும். ஒன்று மாறுபட்டால் மற்ற இரண்டும் சேர்ந்து அதை ஒதுக்கிவிடும். ஒரு கோடி தரையிறக்கங்களில் ஒன்றுக்கு மேல் விபரீதம் கூடாது என்பது பிரிட்டிஷ் அதிகாரிகள் வைத்த அளவுகோல்.

எங்கள் அலுவலகத்திலும் ஒரு பில்லுக்கு மூன்று கையெழுத்து உண்டு. ஆனால் முதல் ஆள் போட்டிருக்கிறாரே என்று இரண்டாமவர் போடுவார். இருவர் போட்டிருக்கிறார்களே என்று மூன்றாமவர் போடுவார். நானும் அப்படிப் போட்டிருக்கிறேன். ஒருமுறை கூட்டல் தவறு மூன்று கையெழுத்தையும் தாண்டிப் போய், தணிக்கையில்தான் பிடிபட்டது. மூன்று பேர் பார்ப்பது வேறு, மூன்று பேர் கையெழுத்துப் போடுவது வேறு.

இதையெல்லாம் படித்த பிறகுதான் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். "அப்பவே சொல்லியிருந்தா நானும் வெளியே பார்த்திருப்பேனே" என்றாள்.