ஊவா மலைக்கு வந்த மீன்

பதுளையிலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் புகையிரதம் பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்களைக் கடந்து ஒஹியாவை அடைகின்றது. அங்கிருந்து மேலேறும் பாதை ஓட்டன் சமவெளிக்குச் செல்கின்றது. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் உயர்ந்த அச்சமவெளியில், தை மாசி மாதங்களின் வைகறையில் புல்லின்மேல் உறைபனி படிந்திருப்பதுண்டு. பெலிகுல் ஓயா தோன்றுவது அங்கேதான். அங்குள்ள குளிர்ந்த ஓடைகளில் வாழும் ட்ரவுட் என்னும் மீன் இத்தீவுக்கு உரியதன்று. அது வந்த கதை தோட்டங்களின் கதையோடு பின்னிக் கிடக்கின்றது.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிச் செய்கையை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. புகையிரதப் பாதை 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் எட்டிற்று. மலையெங்கும் துரைமாரின் பங்களாக்கள் எழுந்தன. அவர்தம் தாய்நாட்டிலோ, குளிர்காலம் நீங்கி இளவேனில் பிறந்ததும் ட்ரவுட் பிடிக்கும் பருவம் தொடங்கும். இறகாலும் நூலாலும் பொய்ப்பூச்சி செய்து, அதனை நீர்மேல் மிதக்கவிட்டு மீனை ஏய்ப்பது அங்கே பெருவிளையாட்டு. அந்த இளவேனிலை நாடிக் கடல் கடந்து செல்வது ஆண்டுதோறும் இயலாது. ஆகவே, மீனையே இங்கு கொணர முற்பட்டனர்.

இதற்கு வழிகாட்டியது தாஸ்மேனியா. 1864இல் இங்கிலாந்திலிருந்து அங்கு சென்ற கப்பலில், ஈரப் பாசியினிடையே பொதிந்த ட்ரவுட் முட்டைகள் பனிக்கட்டி அறையில் வைத்துக் காக்கப்பட்டன. குளிர், முட்டையின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும். ஆதலின் நீண்ட பயணத்திலும் உயிர் தங்கிற்று. 1880களில் ஐரோப்பியப் பழுப்பு ட்ரவுட் இலங்கை மலைநாட்டை அடைந்தது. பின்னர் வட அமெரிக்காவுக்குரிய வானவில் ட்ரவுட்டும் வந்து சேர்ந்தது. 1896இல் தோன்றிய இலங்கை மீன்பிடிக் கழகம் ஓடைகளில் குஞ்சுகளை விட்டுப் பேணியது. நீலகிரியிலோ, 1863இல் தொடங்கிய முயற்சி 1907இலேதான் நிலையான பயன் தந்தது.

இங்கே இளவேனில் இல்லை. பருவத்தை வகுப்பது மழையே. மழை பெய்து ஓடை கலங்கினால் மீனுக்குப் பொய்ப்பூச்சி புலப்படாது. நீர் தெளியுமளவும் தூண்டிற்காரன் காத்திருத்தல் வேண்டும்.

முட்டைக்குப் பாசியும் பனிக்கட்டியும் தேடிய அதே நூற்றாண்டில், இம்மலைகளில் உழைக்க வந்த தமிழர் எவ்வாறு வந்தனர்? கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர். எஞ்சியோரைத் தோட்டத்து லயன்களின் சிற்றறைகள் ஏற்றன. மீன் இம்மண்ணின் மீனாயிற்று. மலையைப் பொன்விளையும் பூமியாக்கியவரின் வழித்தோன்றல்களில் மிகப் பெரும்பாலோரையோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழி திறந்த சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று.

கருத்திற்படாத மற்றோர் உயிரும் அந்நீரில் உண்டு. ஓட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடையொன்றில், ஏறத்தாழ 10 கிலோமீற்றர் நீளத்துக்குள் மட்டுமே வாழும் சிற்றிறால் அது. உலகில் வேறெங்கும் அதனைக் காணல் அரிது. பூச்சியையும் சிற்றிறாலையும் உண்டு வாழ்வது ட்ரவுட்டின் இயல்பு. விளையாட்டுக்கென மீனை விட்டவர்கள் இச்சிற்றுயிரை எண்ணியதாகத் தெரியவில்லை. 1969இல் வனவிலங்குச் சரணாலயமான அச்சமவெளி, 1988இல் தேசிய பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஒருவர் தம் ஊரின் நினைவால் ஓர் உயிரைப் பேணுவது குற்றமன்று. ஆயினும், எதைப் பேணினர், எதைக் காணாது விட்டனர் என்னும் இரண்டையும் சேர்த்தே வரலாறு கணக்கிடும். ஒஹியா ஓடைக்கரையில் நிற்பவர், துள்ளும் மீனோடு அதன் அடியிலுள்ள சிற்றிறாலையும், மலைச்சரிவிற் கொழுந்து பறிக்கும் கைகளையும் ஒருங்கே காண்பாராயின், ஊவாவின் வரலாறு அவருக்கு முழுமையாக விளங்கும்.